மனாவுஸ்: காட்டின் பெயரால் ஒரு வரிவிலக்கு

பிரேசிலில் விற்கும் ஒரு டிவியையோ மைக்ரோவேவ் அடுப்பையோ திருப்பி, அதன் முதுகைப் பார்த்தால் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். மனாவுஸ் தொழில் மையத்தில் தயாரிக்கப்பட்டது, அமேசானை அறிந்துகொள்ளுங்கள் என்று போர்த்துகீசிய மொழியில் எழுதியிருப்பார்கள். ஏதோ சுற்றுலாத் துறை விளம்பரம் வழிதவறி வந்து ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். ஆனால் பிரேசிலில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. டிவி, ஏசி, மொபைல், கைக்கடிகாரம், குளிர்பானத்துக்கான செறிவு எல்லாமே அங்கிருந்து வருகின்றன.

வரைபடத்தைத் திறந்து மனாவுஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் உள்ளே, ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில், நாலாபக்கமும் மழைக்காடு. பொருளை வாங்குகிறவர்கள் இருக்கும் சாவோ பாலோவுக்கு விமானத்தில் போனாலே கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். தரைவழியாக நேராகப் போக ஒழுங்கான சாலை கிடையாது. செய்த மோட்டார் சைக்கிள்களை லாரி டிரெய்லரில் ஏற்றி, அந்த டிரெய்லரை மிதவைப் படகில் ஏற்றி, பல நாள் ஆற்றில் மிதக்கவிட்டு பெலெம் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து மறுபடி சாலையில் தெற்கே ஓட்டிப் போக வேண்டும்.

புத்தியுள்ள எந்த முதலாளியும் இந்த இடத்தில் தொழிற்சாலை போடமாட்டார். போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: வரி. இறக்குமதி வரி, உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலாக விற்பனை வரியில் கிடைக்கும் சலுகை. இந்தச் சலுகையை எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று இன்று கேட்டால், அமேசானாஸ் மாநில அரசியல்வாதியிலிருந்து தொழிற்சங்கக்காரர் வரை ஒரே பதில்தான் சொல்வார்கள்: காட்டைக் காப்பாற்ற.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் இக்கட்டுரை. சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏன்னா கதை கொஞ்சம் பழையது. அதில் நம்ம ஆட்களும் வருகிறார்கள்.

*

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனாவுஸ் உலகத்தின் பணக்கார ஊர்களில் ஒன்று. ரப்பர் பணம். காட்டுக்குள் தானாக வளர்ந்த மரங்களில் பால் எடுத்து, புகைபோட்டு உருண்டையாக்கி, ஆற்றுவழியே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். ஓபரா பார்க்க வேண்டும் என்று காட்டு நடுவில் ஒரு அரங்கம் கட்டி, 1896 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். டியாத்ரோ அமேசானாஸ். இன்றும் இருக்கிறது.

ஆனால் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே ஊரின் முடிவு கப்பலேறியிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அதில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. அங்கிருந்தும் கியூவிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பரவியது. அமேசானில் ரப்பர் மரங்களை நெருக்கமாக நட்டால் ஒரு இலைப்பூசணம் மொத்தத் தோட்டத்தையும் தின்றுவிடும். ஆசியாவுக்கு அந்தப் பூசணம் வரவில்லை. அதனால் மரங்களை வரிசை வரிசையாக நட முடிந்தது. நட்ட மரத்துக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் மெட்ராஸ் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து ஆள்பிடித்துக் கப்பலேற்றினார்கள். மலேசியத் தமிழ் இலக்கியம் முழுக்க வரும் அந்த பால்மரக் காடுகள் அப்படி உருவானவை. 1913-14 வாக்கில் தோட்ட ரப்பரின் அளவு காட்டு ரப்பரை முந்தியது. விலை சரிந்தது. மனாவுஸ் விழுந்தது.

இதைச் சும்மா ஒரு சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. விடிகாலையில் விளக்கோடு மரம் சீவப்போன நம் பாட்டன் பாட்டிகளுக்கு, தங்கள் கத்தி அறுப்பது உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஊரின் கழுத்தை என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த ஊரின் வியாபாரிகள் பெயரைக்கூட அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பின்னால் வரும் வரிச்சலுகையின் முழு நியாயமும், அன்றைக்குப் போன வாழ்வை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது.

*

40 ஆண்டுகள் ஊர் அப்படியே கிடந்தது. 1957 ஜூனில் ஜுசெலினோ குபிச்செக் ஆட்சியில் மனாவுஸில் ஒரு சுங்கவரியற்ற பகுதி அமைக்க சட்டம் வந்தது. காகிதத்தில் நன்றாக இருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

உண்மையான மாற்றம் ராணுவ ஆட்சியில். 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்துக்கு அமேசான் என்றால் இயற்கை வளம் இல்லை, ஆளில்லாத எல்லை. யாராவது வெளிநாட்டான் வந்து பிடித்துக்கொள்வானோ என்ற பயம். ஒருங்கிணைப்போம், விட்டுக்கொடுக்கமாட்டோம் என்ற பொருளில் ஒரு முழக்கம் வைத்திருந்தார்கள். அந்த வேகத்தில் 1967 பிப்ரவரி 28 அன்று காஸ்டெலோ பிராங்கோ அரசு 288ஆம் எண் ஆணைச் சட்டத்தைப் பிறப்பித்தது. மனாவுஸைச் சுற்றி 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதை நிர்வகிக்க சுஃப்ராமா என்ற அமைப்பு. இன்று நாம் பார்க்கும் எல்லாமே அதிலிருந்து வந்ததுதான்.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். இந்த மென்பொருள் இதைச் செய்கிறது என்று யாராவது சொன்னால், கோடைத் திறந்து அந்த நிபந்தனை எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவது பழக்கம். அந்த ஆணைச் சட்டத்தின் முதல் பிரிவு நோக்கத்தைச் சொல்கிறது: அமேசானின் உள்பகுதியில் தொழில், வணிக, வேளாண் மையம் ஒன்றை உருவாக்குவது, உள்ளூர் நிலைமைகளையும், நுகர்வோர் இருக்கும் இடங்களிலிருந்து உள்ள பெருந்தொலைவையும் ஈடுகட்டுவது. அவ்வளவுதான். காட்டைக் காப்பது அதில் இல்லை. இருக்கவும் முடியாது. 1967இல் அந்த ஆட்சிக்கு மரம் என்பது வெட்டவேண்டிய தடை.

விற்பனை வரி விஷயம் நான்காவது பிரிவில் வருகிறது. பிரேசிலின் வேறு பகுதியிலிருந்து மனாவுஸுக்குப் போகும் உள்நாட்டுப் பொருள், வரிக் கணக்கில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான பொருளாகவே கருதப்படும். ஒரே நாடு, ஆனா வரி அதிகாரிக்கு அது வெளிநாடு.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால்தான் புரியும். பிரேசிலில் விற்பனை வரி மாநிலங்களுடையது. 1967க்கு முன்பு நம்ம பழைய விற்பனை வரி போல ஒவ்வொரு கைமாறலிலும் வரிமேல் வரியாக ஏறியது. அந்த ஆண்டுதான் அதை மதிப்புக்கூட்டு வரியாக மாற்றினார்கள் (தமிழ்நாட்டில் வாட் வந்தது 2007 ஜனவரியில்). இப்போது அதன் பெயர் ஐசிஎம்எஸ். சாவோ பாலோவில் 1,000 ரியாலுக்கு உதிரிபாகம் செய்து வடக்கே வேறொரு மாநிலத்துக்கு அனுப்பினால் 7 சதவீதம் மாநிலங்களுக்கிடையிலான வரி உண்டு. அதே பாகம் மனாவுஸுக்குப் போனால் வரி இல்லை. அங்கே அதைப் பூட்டி மோட்டார் சைக்கிளாக்கித் திரும்ப சாவோ பாலோவுக்கு விற்கும்போது பில்லில் 12 சதவீதம் போடுவார்கள். சாவோ பாலோ வியாபாரி அந்த 12ஐத் தன் இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்வார். ஆனால் அமேசானாஸ் அரசு, தொழிற்சாலை கட்டவேண்டிய வரியில் பொருளைப் பொறுத்து 55 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை அந்தத் தொழிற்சாலைக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஆக யாரும் முழுசாகக் கட்டாத வரியை ஒருவர் முழுசாகக் கழித்துக்கொள்கிறார். இழப்பு எங்கே விழுகிறது? சாவோ பாலோ கஜானாவில்.

மற்ற மாநிலங்கள் இப்படித் தன்னிஷ்டத்துக்கு விற்பனை வரியைத் தள்ளுபடி செய்ய முடியாது. 1975இல் வந்த 24ஆம் எண் துணைச் சட்டப்படி, ஒரு மாநிலம் சலுகை கொடுக்க வேண்டுமானால் எல்லா மாநிலங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு மனாவுஸ் தொழிற்சாலைகளுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்கிறது. சாவோ பாலோக்காரர்கள் ஏன் இதைப் பார்த்தாலே எரிச்சலடைகிறார்கள் என்பது இப்போது புரியும்.

இதன் உச்சம் குளிர்பானச் செறிவு. இது மாநில விற்பனை வரி அல்ல, மத்திய அரசின் உற்பத்தி வரி, தர்க்கம் அதேதான். மனாவுஸில் செய்யும் செறிவுக்கு உற்பத்தி வரி விலக்கு. அதை வாங்கித் தண்ணீரும் வாயுவும் கலந்து பாட்டிலில் அடைக்கும் ஆலை வேறெங்கோ இருக்கும். கட்டாத அந்த வரியை, கட்டியதாகவே வைத்து அந்த ஆலை கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் மனாவுஸிலிருந்து வரும் உள்ளீடுகளுக்கு இந்த கிரெடிட் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதில் வேடிக்கை, வரிவிகிதம் ஏற ஏற நிறுவனங்களுக்கு லாபம். 2018இல் அரசு செறிவுமீதான வரியை 20 சதவீதத்திலிருந்து 4ஆகக் குறைத்தபோது நிறுவனங்கள் எதிர்த்தன. வரியைக் குறைக்காதே என்று முதலாளிகள் சண்டைபோட்ட அபூர்வமான வரலாற்றுத் தருணம்.

*

சலுகை வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. 1970களில் மற்ற ஊர்க்காரர்கள் விமானம் ஏறி வந்து மனாவுஸில் வெளிநாட்டு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் வாங்கிப் போனார்கள், நம்மூரில் ஒரு காலத்தில் பர்மா பஜாருக்குப் போனதுபோல. 1976இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. 1990இல் நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் கடைத்தெரு படுத்தது. ஆலைகளில் வேலைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியாயின. 1991இல் விதியை மாற்றினார்கள்: இந்தப் பொருளுக்குக் குறைந்தது இன்னின்ன வேலைகளை மனாவுஸிலேயே செய்திருக்க வேண்டும், அப்போதுதான் சலுகை. வெறும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை போதாது. அதன்பின் மறுபடி எழுந்தது. இன்று நேரடியாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை. 1970இல் மூன்று லட்சம் சொச்சம் பேர் இருந்த ஊரில் 2022 கணக்கெடுப்பின்படி 20.6 லட்சம் பேர்.

இனி காட்டுக்கு வருவோம். அமேசானாஸ் மாநிலத்தின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு இன்னும் நிற்கிறது. பாதிக்கு மேற்பட்ட நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவோ பழங்குடி நிலமாகவோ இருக்கிறது. பக்கத்து ரொண்டோனியாவைப் பாருங்கள். உலக வங்கிக் கடனோடு 1980களில் சாலை போட்டார்கள், தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு போய்விட்டது. செயற்கைக்கோள் படத்தில் மீன்முள் மாதிரி தெரியும்.

மனாவுஸ்காரர்களின் வாதம் இந்த ஒப்பீட்டில்தான் நிற்கிறது. எங்கள் மக்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள், அதனால் கோடாரி எடுக்கவில்லை. மாநில அரசுக்கு ஆலைகளிலிருந்து வருமானம் வந்தது, அதனால் காட்டை விற்க வேண்டியிருக்கவில்லை. 1988இல் சிகோ மெண்டிஸ் கொல்லப்பட்டு, 1992இல் ரியோ மாநாடு நடந்து, உலகம் அமேசானைக் கவலையோடு பார்க்கத் தொடங்கியபிறகு இந்த வாதத்துக்கு மவுசு வந்தது. 2003இல் ஆளுநர் எட்வர்டோ பிராகா பசுமைச் சுங்கவரியற்ற பகுதி என்று பொருள்படும் ஒரு திட்டத்தையே அறிவித்தார். 2009இல் ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து, தொழில் மையம் காட்டைக் காத்ததா என்பதைப் பொருளாதார மாதிரிகள் வைத்து அளந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். காத்தது என்பது அவர்கள் முடிவு. நூலின் தலைப்பிலேயே இது பேச்சா, உண்மையா என்ற கேள்வி இருந்தது எனக்குப் பிடித்தது.

சலுகையின் ஆயுளும் நீண்டுகொண்டே போனது. 1967 ஆணை 30 ஆண்டுக்கு என்றது. 1988 அரசியலமைப்பு 2013 வரை நீட்டியது. 2003 திருத்தம் 2023க்கு. 2014 ஆகஸ்டில் வந்த 83ஆம் திருத்தம் ஒரே தாவலில் 2073க்கு.

*

இந்த வாதத்தில் எனக்கு இரண்டு சிக்கல்கள்.

முதலாவது சாலை. மனாவுஸைத் தெற்கே போர்ட்டோ வெல்யோவோடு இணைக்கும் பிஆர்-319 நெடுஞ்சாலை, சுமார் 885 கிலோமீட்டர், 1976இல் திறக்கப்பட்டது. பராமரிப்பில்லாமல் 1980களின் கடைசியில் போக்குவரத்துக்கு லாயக்கில்லாமல் போனது. நடுவில் 400 கிலோமீட்டர் அளவுக்கு மழைக்காலத்தில் வெறும் சேறு. காடு தப்பியது தொழிற்சாலையாலா, இந்தச் சேற்றாலா? மனாவுஸில் உள்ள அமேசான் ஆய்வு நிறுவனத்தின் பிலிப் ஃபியர்ன்சைட் பல ஆண்டுகளாக எச்சரிப்பது இதைத்தான்: அந்தச் சாலையைச் செப்பனிட்டால் ரொண்டோனியாவை அழித்த அதே ஆள்கூட்டம் மத்திய அமேசானுக்குள் நுழையும். மாநிலத்தின் தென்விளிம்பில், சாலைகள் தொடுகிற அப்புயி, லாப்ரியா போன்ற இடங்களில் காடழிப்பு கடுமையாக நடக்கிறது. அதே மாநிலம், அதே ஆளுநர், அதே வரிவிலக்கு. ஆனால் மனாவுஸின் மோட்டார் சைக்கிள் ஆலையால் லாப்ரியாவில் ஒரு மரத்தைக்கூட நிறுத்திவைக்க முடியவில்லை. ரெண்டுக்கும் நடுவில் பல நூறு கிலோமீட்டர்.

ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும் என்று மனாவுஸுக்கு வடக்கே கட்டிய பால்பினா அணையும் இந்தக் கணக்கில் வரவேண்டும். 1987இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். மேட்டுப்பாங்கு இல்லாத தரை, அதனால் தண்ணீர் பரந்து விரிந்தது: 250 மெகாவாட்டுக்காக சுமார் 2,360 சதுர கிலோமீட்டர் மூழ்கியது. அதில் வைமிரி-அத்ரோவாரி பழங்குடிகளின் நிலமும் உண்டு. அதற்கு முன்பே, 1970களில், அவர்கள் மண்ணை ஊடறுத்து மனாவுஸிலிருந்து வடக்கே சாலை போட்டபோது அந்த இனத்தின் பெரும்பகுதி மாண்டுபோயிருந்தது. மேலே சொன்ன முத்திரையில் இதெல்லாம் இல்லை.

இரண்டாவது சிக்கல், வாதத்தின் வடிவம். சலுகையை எடுத்தால் 20 லட்சம் பேர் வேலையில்லாமல் காட்டுக்குள் போவார்கள், அப்புறம் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல. இது காப்பாளனின் பேச்சா, பணயக்கைதியைப் பிடித்துவைத்திருப்பவனின் பேச்சா? கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மனாவுஸின் தொழிலாளிக்கு அந்தச் சம்பளம் உயிர். அவரிடம் போய் உன் வேலைக்கான காரணம் தர்க்கப் பிழை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. என் கேள்வி சட்டத்திடம். 2003, 2014 என்று ஒவ்வொரு முறை நீட்டிக்கும்போதும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்: இத்தனை காடு நின்றால் இத்தனை சலுகை. சேர்க்கவில்லை. மாநிலத்தில் காடழிப்பு இரட்டிப்பானாலும் தொழிற்சாலையின் வரிக்கணக்கில் ஒரு காசு மாறாது.

*

அப்படியொரு வாக்கியத்தை எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். அதே நாட்டில், அதே விற்பனை வரியை வைத்து.

தெற்கே பாரனா மாநிலத்தின் தலைநகர் குரிச்சிபா. அதன் குடிநீருக்கான நீர்ப்பிடிப்பு பக்கத்தில் இருக்கும் பிராக்குவாரா என்ற ஊரில். அந்த ஊரின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராதாரப் பாதுகாப்புக்குள் வருகிறது. அங்கே ஆலை கட்ட முடியாது, வணிக வளாகம் கட்ட முடியாது. குரிச்சிபா தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. பிராக்குவாரா அப்படியே நின்றது. அதோடு போகவில்லை. பிரேசில் அரசியலமைப்பின்படி மாநிலம் வசூலிக்கும் விற்பனை வரியில் 25 சதவீதம் நகராட்சிகளுக்குத் திரும்பிப் போகும். அதில் குறைந்தது முக்கால் பங்கை அந்தந்த ஊரில் நடந்த வியாபாரத்தின் அளவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றது 1988 அரசியலமைப்பு. ஆலை உள்ள ஊருக்கு மேலும் பணம், காடு உள்ள ஊருக்கு மேலும் பட்டினி.

மிச்சமிருந்த கால் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதை மாநிலமே முடிவுசெய்யலாம். இப்படிப்பட்ட ஊர்கள் அரசிடம் முறையிட, அந்த ஓட்டைக்குள்தான் பாரனா கைவிட்டது. 1991 அக்டோபரில் 59ஆம் எண் துணைச் சட்டம்: நகராட்சிகளின் பங்கில் 5 சதவீதத்தை ஒதுக்கி, பாதியை நீராதாரப் பகுதி உள்ள ஊர்களுக்கும் பாதியைப் பாதுகாக்கப்பட்ட காடு உள்ள ஊர்களுக்கும் கொடுப்பது. மக்கள் வைத்த பெயர் சூழலியல் ஐசிஎம்எஸ்.

சூத்திரம் எளிமையானது. பாதுகாக்கப்பட்ட பரப்பை ஊரின் மொத்தப் பரப்பால் வகுக்கணும். எந்த வகைப் பாதுகாப்பு என்பதற்கு ஒரு எடை. மனிதர் நுழையாத காப்பகத்துக்கு அதிகம், வீடும் பண்ணையும் இருக்கும் பகுதிக்குக் குறைவு. பிறகு ஒவ்வொரு ஆண்டும் மாநிலச் சூழல் துறை அதிகாரி நேரில் வந்து தரத்துக்கு மதிப்பெண் போடுவார். வேலி போட்டிருக்கிறதா, காவலர் இருக்கிறாரா, காடு மேம்பட்டிருக்கிறதா. மதிப்பெண் குறைந்தால் ஊருக்கு வரும் பணமும் குறையும். இதை உருவாக்கிப் பல ஆண்டுகள் நடத்தியவர்களில் முக்கியமானவர் வில்சன் லோரேய்ரோ என்ற வேளாண் பொறியாளர்.

மேயர்களின் பேச்சு மாறியது. எங்கள் ஊரில் பூங்கா வேண்டாம் என்றவர்கள் எங்கள் ஊரிலும் ஒன்று அறிவியுங்கள் என்று கேட்டார்கள். தனியார் தங்கள் நிலத்தைக் காப்பகமாகப் பதிந்துகொண்டார்கள். சில நகராட்சிகள் வந்த பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தன. 2000 வரையிலான சுமார் ஒன்பது ஆண்டுகளில் பாரனாவின் பாதுகாக்கப்பட்ட பரப்பு 165 சதவீதம் உயர்ந்தது. 1993இல் சாவோ பாலோ, 1995இல் மினாஸ் ஜெராய்ஸ் (அங்கே அந்தச் சட்டத்துக்கு ராபின் ஹூட் என்று செல்லப்பெயர்), பிறகு ரொண்டோனியா, அமேசானின் ஆக்ரே, பாரா என்று பரவியது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. உயர்ந்த பரப்பில் பெரும்பகுதி கட்டுப்பாடு குறைந்த வகை. பெயரளவில் பாதுகாப்பு, உள்ளே சோயா. பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் விழும். அதைக் காட்டுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, ஒதுக்கீடு மாறாத 5 சதவீதம் என்பது. புதிதாக ஓர் ஊர் காட்டைச் சேர்த்தால் மற்ற ஊர்களின் பங்கு சுருங்கும். ஆரம்பத்தில் சேர்ந்தவருக்கு நல்ல பணம், கடைசியில் வந்தவருக்குச் சில்லறை. ஆனாலும் ஒன்று இருக்கிறது: இந்தச் சூத்திரத்தில் காடு ஒரு மாறி. அது குறைந்தால் விடை குறையும்.

நம் நாட்டில் இரண்டு மாதிரியும் நடந்திருக்கின்றன. 2003இல் இமாசலத்துக்கும் உத்தராகண்டுக்கும் கொடுத்த உற்பத்தி வரிவிலக்கு மனாவுஸ் வகை. மலைமாநிலம், தூரம், அதனால் சலுகை. ஜிஎஸ்டி வந்தபிறகு வரிவிலக்கு என்ற சொல்லே இல்லாமல் போய், மீதமிருந்த காலத்துக்கு ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மலையின் நிலைக்கும் அந்தச் சலுகைக்கும் முடிச்சு கிடையாது. 14ஆவது நிதிக்குழு 2015 முதல் மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது பாரனா வகை. 15ஆவது குழு அதை 10 ஆக்கியது. தொகையில் பாரனாவெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் பணம் மாநில அரசோடு நின்றுவிடுகிறது. காட்டோரத்துப் பஞ்சாயத்துத் தலைவருக்கு இப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாது.

*

2023 அக்டோபரில் மனாவுஸ் துறைமுகத்தில் ரியோ நீக்ரோவின் நீர்மட்டம் 12.70 மீட்டருக்கு இறங்கியது. நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் அதுவே மிகக் குறைவு. அடுத்த ஆண்டே அதுவும் முறிந்தது. சீனாவிலிருந்து உதிரிபாகக் கண்டெய்னர்களோடு வந்த கப்பல்களால் மேலே வர முடியவில்லை. 2024இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இட்டக்குவாச்சியாரா என்ற ஊருக்கருகே தற்காலிக மிதவைத் துறை அமைத்து, பெட்டிகளைச் சிறு படகுகளில் மாற்றி ஏற்றினார்கள். தொழிற்சாலை காட்டைக் காக்கிறது என்று 20 ஆண்டுகளாகச் சொன்ன ஊரில், காட்டின் மழை நின்றதும் தொழிற்சாலைக்குப் பாகம் வரவில்லை.

அதே 2023 டிசம்பரில் பிரேசில் தன் வரி அமைப்பையே மாற்றும் 132ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. நம்ம ஜிஎஸ்டி மாதிரியான ஒன்று. ஐசிஎம்எஸ் படிப்படியாகக் குறைந்து 2033இல் மறைந்துவிடும். வரியே இல்லாதபோது வரிவிலக்கை எப்படிக் கொடுப்பது? அதற்காக மனாவுஸில் செய்யும் பொருள்களோடு போட்டியிடும் மற்ற ஊர்ப் பொருள்களுக்கு மட்டும் பழைய உற்பத்தி வரியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். சலுகை 2073 வரை தொடரும். அமேசானாஸின் பொருளாதாரத்தைப் பல துறைகளுக்குப் பரப்ப ஒரு நிதியமும் உண்டு.

அந்தத் திருத்தத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. புதிய வரியில் நகராட்சிகளின் பங்கை 80 சதவீதம் மக்கள்தொகைப்படியும், 10 சதவீதம் கல்விப்படியும், 5 சதவீதம் எல்லோருக்கும் சமமாகவும் பிரிக்க வேண்டும். மிச்சம் 5 சதவீதம் சூழல் பாதுகாப்பு அளவுகோல்களின்படி. 1991இல் ஒரு மாநிலத்தின் துணைச் சட்டத்தில் இருந்த அந்த 5, இப்போது மொத்த நாட்டின் அரசியலமைப்பில். அளவுகோல் என்ன என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அமேசானாஸும் எழுத வேண்டும். லாப்ரியாவில் நிற்கும் ஒரு ஹெக்டேருக்கு அந்த மாநிலம் முதல்முறையாக ஒரு எண் போடப்போகிறது.